தனி நாவலா, பாகம் பாகமாக வரும் தொடரா? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நூலக மேசையிலும், வாசகர் வட்டத்திலும், புத்தக வெளியீடு முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. ஒரு முறை சொன்னதைப் பிறகு மீண்டும் விரிக்கவில்லை. ஆகவே மேலிருந்து கீழே வாசிப்பது நல்லது.

பொன்னியின் செல்வன் அஞ்சு புத்தகம். அப்ப அது தொடர்தானே?

இல்லை. அது ஐந்து பாகங்களில் வந்த ஒரே நாவல். புது வெள்ளத்தில் தொடங்கும் கதை சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம் என்று போய் தியாகச் சிகரத்தில்தான் முடிகிறது. நடுவில் எந்தப் பாகத்தையும் மூடிவைத்து "கதை முடிந்தது" என்று சொல்ல முடியாது.

"தொடர்" என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வகை கலந்து கிடக்கிறது. முதலாவது, மேலே சொன்னதுபோல ஒரே கதை பல பாகமாக வருவது. இரண்டாவது, அதே ஆட்கள், வேறு வேறு கதை: சுஜாதாவின் கணேஷ், வசந்த் வரும் நாவல்கள் இந்த வகை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு வழக்கு தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். மூன்றாவது, முடிந்துபோன நாவலுக்குப் பிறகு எழுதப்பட்ட தொடர்ச்சி: சுஜாதாவின் "என் இனிய இயந்திரா"வுக்குப் பிறகு வந்த "மீண்டும் ஜீனோ" போல.

"எனக்குத் தொடர் பிடிக்காது" என்பவரிடம் இந்த மூன்றில் எது என்று கேட்டால், பெரும்பாலும் முதல் வகையைத்தான் சொல்வார். இரண்டாம் வகையைத் தனி நாவல் என்றே நினைத்து வாசித்துக்கொண்டிருப்பார்.

அப்ப நம்மட பக்கத்துச் சனம் எதக் கூட விரும்புது? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய விடை இல்லை. வாசகரின் விருப்பத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடுத்த பாகம் கைக்குக் கிடைக்குமா என்பதே. ஒரு புதிய நாவலைத் திறந்தால் முதல் முப்பது நாற்பது பக்கம் வாசகருக்கு உழைப்பு. யார் யாருக்கு என்ன முறை, எந்த ஊர், எந்தக் காலம் என்று மனத்தில் பதிக்கவேண்டும். தொடரில் அந்த உழைப்பு ஒரு தடவைதான். இரண்டாம் புத்தகத்தில் அறிமுகமானவர்கள் நடுவே நேராகப் போய் உட்கார்ந்துவிடலாம். தனி நாவலில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கவேண்டும். ஆனால் முடிவு நிச்சயம் கைக்குள் இருக்கும்.

நகரத்தில், நூலகத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தொடர் சுலபம். படுவான்கரையிலிருந்து பஸ் பிடித்து வருபவர், மூன்றாம் பாகம் வெளியே போயிருக்கிறது என்ற பதிலை இரண்டு தடவை கேட்டால், அதற்குப் பிறகு தனி நாவல் பக்கம்தான் திரும்புவார். அதைப் பார்த்து "கிராமத்து ஆக்களுக்கு நீளமான கதை பிடிக்காது" என்று முடிவுகட்டுவது தவறு.

நூலகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு ஐந்து பாக நாவலின் புத்தகங்களை வரிசையாக எடுத்துப் பின் அட்டையைத் திறந்து, திகதி முத்திரை குத்தும் தாளைப் பாருங்கள். முதலாம் பாகத்தில் தாள் நிரம்பி, மேலே இன்னொன்று ஒட்டியிருக்கும், முதுகு கிழிந்து டேப் போட்டிருக்கும். நாலாம் பாகத்தில் பாதித் தாள் வெள்ளையாக இருக்கும். ஆனால் அதை வைத்து மட்டும் "பாதியில் விட்டார்கள்" என்று சொல்லவும் கூடாது. சிலர் முதற்பாகத்தை இரவல் எடுத்துப் பிடித்துப்போய், மிச்சத்தைச் சொந்தமாக வாங்கியிருப்பார்கள். சிலர் கைபேசியில் வாசித்து முடித்திருப்பார்கள்.

கடையில நிண்டு ஒரு புத்தகத்தக் கையில எடுத்தா, இது முதலாம் பாகம் எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிற?

அட்டையை நம்பவேண்டாம். சில பதிப்புகளில் பாக எண் முதுகில் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது. தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். பாகம், பதிப்பாண்டு, அதே வரிசையில் வந்த மற்ற நூல்கள் அங்கேதான் அச்சாகியிருக்கும். பிறகு கடைசிப் பக்கத்தின் கடைசி வரி. "முற்றும்" என்றிருந்தால் பயமில்லை. "முதற்பாகம் முற்றிற்று" என்றோ "தொடரும்" என்றோ இருந்தால் மிச்சத்தைத் தேடவேண்டிவரும். கடைசி வரியை மட்டும் பாருங்கள், மேலே போனால் முடிவு தெரிந்துவிடும்.

பழைய புத்தகக் கடையில் பாகங்களைத் தனித்தனியாகச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. ஒன்று ஐந்து புத்தகமாகப் போடும், இன்னொன்று இரண்டு பாகத்தை ஓர் அட்டைக்குள் சேர்க்கும். பக்க எண்ணை வைத்துப் பொருத்தினால் பிழைக்கும். பாகத்தின் பெயரையும் அத்தியாய எண்ணையும் வைத்துப் பொருத்துங்கள். பொன்னியின் செல்வனில் பாகங்களின் அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. ஒரு பாகத்தின் கடைசி அத்தியாய எண் இந்தக் கணக்கோடு ஒத்துவராவிட்டால், அது சுருக்கப் பதிப்பாகவோ பக்கம் விடுபட்ட பிரதியாகவோ இருக்கலாம்.

படம் ரெண்டு பாகம் வந்த. ரெண்டும் பாத்திட்டன். இனிப் புத்தகம் வாசிக்கிறதில பிரயோசனம் இரிக்கா?

நிறைய இருக்கிறது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வந்த பொன்னியின் செல்வன் படங்கள் ஐந்து பாகத்தை இரண்டாகச் சுருக்கியவை. பலருடைய பங்கு அதில் குறைந்துவிட்டது. படம் பார்த்தவருக்கு ஒரு வசதியும் உண்டு: மேலே சொன்ன முதல் நாற்பது பக்க உழைப்பு பாதியாகிவிடும், முகங்கள் மனத்தில் இருக்கும். இரண்டாம் பாகமான சுழற்காற்றில் கதை இலங்கைக்கு வருகிறது. நம் வாசகர்கள் பலர் வேகம் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

எந்த ஒழுங்கில வாசிக்க? கதை நடந்த காலப்படியா, எழுதின காலப்படியா?

முதல் வகைக்கு இந்தக் கேள்வியே இல்லை, பாக எண்தான் ஒழுங்கு. இரண்டாம் வகையில் எதிலிருந்தும் தொடங்கலாம்.

சிக்கல் வருவது, ஒரே உலகத்தைப் பற்றி ஓர் எழுத்தாளர் பின்னால் போய் எழுதும்போது. கல்கி "பார்த்திபன் கனவு" நாவலை முதலில் எழுதினார், "சிவகாமியின் சபதம்" பிறகு வந்தது. ஆனால் சிவகாமியின் சபதத்தில் நடப்பதுதான் காலத்தால் முந்தியது. அதில் இளவரசராக வரும் நரசிம்மவர்மர், பார்த்திபன் கனவில் வளர்ந்த மகளுக்குத் தந்தை. இப்படிப்பட்ட இடத்தில் எழுதிய ஒழுங்கையே சொல்வோம். பின்னால் எழுதும்போது, முந்தியதை வாசகர் அறிந்திருப்பார் என்ற நினைப்பில்தான் ஆசிரியர் எழுதுகிறார். அதோடு பார்த்திபன் கனவு சிறியது, சிவகாமியின் சபதம் நாலு பாகம். சின்னதைப் படித்து அந்த நடை பிடித்திருந்தால் பெரியதில் இறங்கலாம்.

ரெண்டாம் பாகந்தான் கிடைச்ச. அதுல இருந்து தொடங்கினா விளங்குமா?

மூன்றாம் வகை என்றால் ஓரளவு விளங்கும். முதல் வகை என்றால் வேண்டாம். விளங்காது என்பதைவிட, முதற்பாகத்தில் மறைத்து வைத்த விஷயமெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே வெளிப்பட்டுவிடும். பிறகு முதற்பாகம் கிடைத்தாலும் வாசிக்கத் தோன்றாது.

பெருந்தொடர்களில் சில, ஒவ்வொரு நாவலையும் தனியாகவும் வாசிக்கலாம் என்ற திட்டத்தோடு எழுதப்பட்டவை. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை எழுதிய வெண்முரசு 26 நாவல்கள் கொண்டது. அதில் மகாபாரதக் கதை முன்பே தெரிந்தவருக்கு நடுவிலிருந்து தொடங்குவது பெரிய தடையல்ல. கூத்துப் பார்த்து வளர்ந்த நம் ஊர்க்காரருக்கு அந்த அறிவு ஏற்கெனவே உண்டு.

ரெண்டு பாகம் வாசிச்சன். அறுவடை வந்து விட்டுப்போட்டன். இப்பப் பேரெல்லாம் மறந்து போச்சு. திரும்ப முதல்ல இருந்தா?

வேண்டாம். விட்ட பாகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் திரும்ப வாசியுங்கள். வார இதழில் வந்த நாவல்களில் முன்பு நடந்ததை நினைவூட்டும் வரிகள் அத்தியாயத் தொடக்கத்திலேயே அடிக்கடி வரும், வாரத்துக்கு ஒரு தடவை வாசித்தவர்களுக்காக எழுதியவை. நூலாக ஒரே மூச்சில் வாசிக்கும்போது "சொன்னதையே சொல்கிறார்" என்று அலுப்பூட்டும் அதே வரிகள், இடைவெளி விட்டவருக்குக் கைகொடுக்கும்.

இனித் தொடங்குகிறவர்கள் ஒரு துண்டுத்தாளில் பெயர், அவருக்கு இருக்கும் மறுபெயர், யாருடைய பிள்ளை என்று எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். வரலாற்று நாவல்களில் குழப்பம் பெரும்பாலும் மறுபெயரால் வருகிறது. அருள்மொழிவர்மரும் பொன்னியின் செல்வரும் ஒருவரே, ஆழ்வார்க்கடியானும் திருமலையும் ஒருவரே. இந்தத் தாளைப் புத்தகத்தோடு நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தால் அடுத்தவருக்கும் உதவும்.

மகனுக்குப் பதினொரு வயசு. வாசிப்புப் பழக்கம் வரோணும். எத வாங்கிக் குடுக்க?

இரண்டாம் வகை. அதே சிறுவர்கள், ஒவ்வொரு புத்தகத்திலும் புதிய சாகசம், 100 பக்கத்துக்குள். முதல் புத்தகத்தை முடித்த பிள்ளைக்கு அடுத்ததில் தொடக்க உழைப்பு இல்லை, அதனால் தானாகவே எடுக்கும். ஐந்து பாகப் பெட்டியைப் பிறந்தநாளுக்கு ஒன்றாக வாங்கிக் கொடுப்பதைத் தவிருங்கள். அந்தக் கனத்தைப் பார்த்தே பல பிள்ளைகள் பின்வாங்கும். முதலாவதைக் கொடுத்து, முடித்துவிட்டு அவன் கேட்கும்போது அடுத்ததைக் கொடுங்கள்.

நம்மட பக்கத்து எழுத்தாளர்மார் ஏன் தொடர் எழுதுறல்ல?

எழுதத் தெரியாமல் அல்ல. தமிழகத்தில் நீளமான நாவல்கள் வளர்ந்தது வார இதழ்களால். ஆசிரியர் எழுத எழுத அச்சாகும், நூலாக வருமுன்பே வாசகர் சேர்ந்துவிடுவார்கள். ஈழத்திலும் பத்திரிகைகளில் தொடர்கதைகள் வந்தன. 1970களில் வீரகேசரி பிரசுரம் உள்ளூர் நாவல்களை மலிவு விலையில் நாடு முழுக்கக் கொண்டுபோனது. அவை கையடக்கமான தனி நாவல்கள். இன்று பெரும்பாலானவர்கள் கைக்காசு போட்டு அச்சிடுகிறார்கள். ஒரு பாகம் விற்ற காசு வருமுன் அடுத்ததற்கு முதல் போடுவது கடினம்.

ஆனாலும் ஈழத்து இலக்கியத்தில் பெருநாவல் இல்லாமல் இல்லை. தேவகாந்தனின் "கனவுச்சிறை" ஐந்து பாகம் கொண்டது. நம் மண்ணைப் பேசும் நாவல் வேண்டுமென்றால் விமல் குழந்தைவேலின் "வெள்ளாவி", அக்கரைப்பற்றுச் சந்தையையும் தமிழ் முஸ்லிம் உறவையும் சொல்லும் "கசகறணம்", சாய்ந்தமருதைச் சேர்ந்த ஆர். எம். நௌஸாத்தின் "நட்டுமை" ஆகியவை தனி நாவல்கள். எதிலிருந்தும் தொடங்கலாம். பேச்சுமொழியும் வயல் சொற்களும் நமக்குப் பழக்கமானவை என்பதால், வெளியூர் வாசகர் தடுமாறும் முதல் பக்கங்களை நம்மவர் விரைவாகக் கடப்பார்கள். அச்சில் கிடைக்காத பழைய ஈழத்து நூல்களை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் தேடிப் பாருங்கள். இலவசமாக வாசிக்கலாம்.

சனசமூக நிலையத்தில சின்ன நூலகம் வச்சிருக்கம். அஞ்சு பாகம் வாங்கினா எத்தின பிரதி? எப்படி இரவல் குடுக்க?

முதற்பாகம் இரண்டு பிரதி, மற்றவை ஒவ்வொன்று. முத்திரைத் தாள் காட்டுவது இதைத்தான். முதற்பாகம் தேயும், மற்றவை காத்திருக்கும். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் 1/5, 2/5 என்று எழுதி ஒட்டுங்கள். "2" என்று மட்டும் எழுதினால் மொத்தம் எத்தனை என்று வாசகருக்குத் தெரியாது. பகுப்பு எண் போடுகிற நூலகம் என்றால் தூயி தசாம்சப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. பாக எண்ணை லேபலின் கடைசி வரியாகப் போட்டால் தட்டில் ஒழுங்கு குலையாது.

இரவல் காலத்தை எல்லாப் பாகத்துக்கும் ஒன்றாக வைப்பதுதான் பெரிய தவறு. இரண்டு வாரம் என்று எடுத்தால், பொன்னியின் செல்வனில் 46 அத்தியாயப் பாகத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று சொச்சம் போதும். 91 அத்தியாயக் கடைசிப் பாகத்துக்கு ஆறரை வேண்டும். வேலைக்குப் போகிறவர் தண்டப்பணம் கட்டுவார், அல்லது முடிக்காமல் திருப்பிக் கொடுப்பார். கடைசிப் பாகத்துக்கு நாலு வாரம் கொடுங்கள். தூரத்திலிருந்து வருபவருக்கு இரண்டு பாகத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பாகம் தொலைந்திருந்தால் முதற்பாகத்தின் உள்ளட்டையில் "3ஆம் பாகம் நூலகத்தில் இல்லை" என்று எழுதி ஒட்டுவது மரியாதை. அதைத் தெரிந்துகொண்டு எடுப்பதா விடுவதா என்று வாசகர் முடிவுசெய்யட்டும்.

மாரி வெள்ளத்தில கீழ்த்தட்டுப் புத்தகம் நனைஞ்சு போச்சு. நடுப்பாகம் ஒண்டும் அதுல. காப்பாத்த ஏலுமா?

நனைந்த 48 மணித்தியாலத்துக்குள் உலர்த்தத் தொடங்கினால் ஏலும், அதற்குப் பிறகு பூஞ்சை பிடிக்கும். ஒட்டியிருக்கும் பக்கங்களை இழுத்துப் பிரிக்கவேண்டாம். புத்தகத்தை நிறுத்திவைத்து, சற்று விரித்து, இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஊறும். தாள் நனைய நனைய மாற்றுங்கள். மின்விசிறி அறையில் ஓடட்டும், நேரே புத்தகத்தின்மேல் அடிக்கக்கூடாது. வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு, பசை வெடித்து முதுகு கழன்றுவிடும். முக்கால்வாசி காய்ந்ததும் மூடி, மேலே பாரம் வையுங்கள்.

தனி நாவல் ஒன்று போனால் ஒன்றுதான் போகும். தொடரில் நடுப்பாகம் போனால் மற்ற நாலும் பயனற்றுவிடும். ஐப்பசி பிறக்கும்போதே பாக நாவல்களை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

வாசகர் வட்டத்துக்கு மாசம் ஒரு புத்தகம். தொடர் எடுக்கலாமா?

எடுத்த பல வட்டங்கள் மூன்றாம் மாதத்தில் கலைந்திருக்கின்றன. ஒரு மாதம் வராதவர் அடுத்த மாதமும் வரமாட்டார், விட்ட பாகத்தின் கூச்சம். 250 பக்கத்துக்குள் உள்ள தனி நாவலே வட்டத்துக்குப் பொருத்தம். ஒரு நாளைக்கு 15 பக்கம் என்றாலும் 17 நாளில் முடியும், பேச யோசிக்க நேரம் மிஞ்சும்.

தொடர்தான் வேண்டும் என்றால் முதற்பாகத்தை மட்டும் எடுத்து, "இந்தப் பாகம் தனியாக நிற்கிறதா" என்ற கேள்வியை முன்வைத்துப் பேசுங்கள். மிச்சத்தை விரும்பியவர் வாசிக்கட்டும். உறுப்பினரின் விருப்பத்தை அறிய "தனி நாவலா தொடரா பிடிக்கும்?" என்று படிவம் கொடுக்காதீர்கள். கேட்பவருக்குப் பிடித்த பதிலைத்தான் எழுதுவார்கள். "கடைசியாக முடித்த புத்தகம் எது, கடைசியாகப் பாதியில் விட்டது எது, ஏன்?" என்று கேளுங்கள்.

எழுதி முடியாத தொடர வாசிக்கத் தொடங்கலாமா?

காத்திருக்கும் மனம் உள்ளவர் தொடங்கலாம். ஆங்கிலத்தில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் பெருந்தொடர் 1996இல் தொடங்கியது. ஐந்தாம் நூல் 2011இல் வந்தது, ஆறாவதற்கு உலகமே ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கிறது. தமிழில் கல்கி 1954இல் காலமானபோது "அமர தாரா" முடியவில்லை. அவருடைய மகள் ஆனந்தி எழுதி நிறைவு செய்தார். முடிவு இல்லாவிட்டால் தூக்கம் வராது என்பவர், கடைசிப் பாகம் வந்த பிறகே முதலாவதைத் தொடவேண்டும்.

என்ட நாவல் அறுநூறு பக்கம் வந்திட்டு. ரெண்டாப் பிரிச்சு அச்சடிக்கவா?

முதலில் கதையைப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய கேள்விக்கு விடை கிடைத்து, இன்னொரு கேள்வி திறக்கும் இடம் இருந்தால் மட்டும் பிரியுங்கள். அப்படி ஓர் இடம் இல்லாமல் 300ஆம் பக்கத்தில் வெட்டினால் முதற்பாகம் வெறும் முன்னுரையாகிவிடும்.

பிறகு செலவு. புத்தகம் 16 பக்கப் படிவங்களாக அச்சாகிறது. 608 பக்கம் என்றால் 38 படிவம், 304 பக்கமாக இரண்டு என்றாலும் அதே 38. தாள் செலவு மாறாது. அட்டை, கட்டு, ஐ.எஸ்.பி.என்., வெளியீட்டு விழா எல்லாம் இரட்டிப்பாகும். நம் பக்கத்தில் பிரதிகள் கூடுதலாக விற்பது வெளியீட்டு மேடையில்தான். இரண்டாம் பாகத்தை வெளியிடும் நாளில் முதற்பாகம் இல்லாதவர்களும் வந்திருப்பார்கள். அவர்களுக்கென்று முதற்பாகத்தில் ஐம்பது பிரதியாவது கட்டிவையுங்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் இரண்டு பக்கத்துக்குமேல் போகாத முன்கதைச் சுருக்கமும் வேண்டும். முதற்பாகத்தின் முன்னட்டையிலேயே "பாகம் 1" என்று போடுங்கள். அதை மறைத்து விற்றால், கடைசிப் பக்கத்தில் ஏமாந்த வாசகர் இரண்டாவதை வாங்கமாட்டார்.

என்ட நாவல் முடிஞ்ச கதை. வாசிச்ச ஆக்கள் ரெண்டாம் பாகம் எழுதுங்க எண்டு கேக்காங்க. எழுதவா?

அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "அவளுக்குப் பிறகு என்ன நடந்தது?" என்றால் அது அந்தப் பாத்திரத்தின்மேல் வந்த பாசம். அந்தக் கேள்வியோடு வாசகர் வீட்டுக்குப் போவது நல்லதே, புத்தகம் எழுதித்தான் பதில் சொல்லவேண்டும் என்றில்லை. "அவள் அப்படிச் செய்திருக்கக்கூடாது" என்று சண்டைக்கு வந்தால், அங்கே இன்னொரு நாவலுக்கு இடம் இருக்கிறது.

ஜெயகாந்தனின் "அக்கினிப் பிரவேசம்" சிறுகதையில், கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளைத் தாய் தலைக்கு நீரூற்றி ஏற்றுக்கொள்கிறாள். அது பெரும் வாதத்தை எழுப்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்ற திருப்பத்திலிருந்து "சில நேரங்களில் சில மனிதர்கள்" பிறந்தது. அதற்கும் பிறகு "கங்கை எங்கே போகிறாள்" வந்தது. முன்னையதை நீட்டாமல், வேறொரு கேள்வியோடு தொடங்கியதால்தான் அந்த நாவல் தனியாக நிற்கிறது. உங்களிடம் அப்படி ஒரு புதிய கேள்வி இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறு ஆட்களோடு, வேறு ஊரில், ஒரு தனி நாவலைத் தொடங்குங்கள்.